கூரத்தாழ்வானின் இல்லறம்

கூரத்தாழ்வான் என்றதும், ஸ்ரீபாஷ்யம் இயற்றுகையில் எம்பெருமானாருக்குத் துணைநின்ற பேரறிவும், ஆசார்யனுக்காகத் திருக்கண்களை இழந்த தியாகமுமே நம் நெஞ்சில் எழுகின்றன. மனைவியும் மக்களும் உடைய இல்லறத்தார் அவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

தை ஹஸ்தத்தில், காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், செல்வக்குடியில் அவதரித்தவர். 1017இல் அவதரித்த உடையவரைவிட வயதில் மூத்தவராயினும் அவர் திருவடிகளையே பற்றினார். நாள்முழுதும் அன்னதானம் நடந்து, இரவில் இவர் திருமாளிகைக் கதவுகள் அடைபடும் ஓசை பேரருளாளன் ஸந்நிதிவரை கேட்டதாம். அதை அறிந்து ஆழ்வான் மகிழவில்லை, நாணினார். அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளோடு திருவரங்கத்துக்கு நடந்தார்.

காட்டுவழியில் ஆண்டாள் அஞ்சவே, மடியில் ஏதேனும் உண்டோ என வினவினார். கணவர் அமுதுசெய்வதற்கென்று பொன்வட்டில் ஒன்றை அவ்வம்மையார் கொணர்ந்திருந்தார். அதை வாங்கி எறிந்த பின்னரே நடை தொடர்ந்தது. ஆழ்வானின் வைராக்கியத்துக்குச் சான்றாகவே இதனை உபந்யாஸங்களில் கேட்கிறோம். பணிக்காலம் முழுதும் வங்கியில் பிறர் பொன்னுக்குக் காவலிருந்த நமக்கோ, அவ்வட்டிலை மறைத்துச் சுமந்துவந்த ஆண்டாளின் அன்பும் சேர்ந்தே கண்ணில் படுகிறது.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே ஜீவனம். ஒருநாள் விடாமழையால் பிக்ஷைக்குச் செல்ல இயலாமல் இருவரும் பட்டினி கிடந்தனர். இரவில் பெருமாள் அமுதுசெய்தருளும் மணியோசை கேட்டது. தம் கணவர் பசித்திருக்கையில் பெருமாள் அமுதுசெய்வதோ என்று ஆண்டாள் ஒரு கணம் நினைத்தார். சற்றைக்கெல்லாம் உத்தமநம்பி பிரஸாதத்தோடு வாசலில் வந்து நின்றார். திடுக்கிட்ட ஆழ்வான் தேவியின் நினைவை அறிந்து வருந்தினார். இரண்டு திரளை மட்டும் ஏற்று, தாம் சிறிது ஸ்வீகரித்து, மிகுதியை ஆண்டாளுக்கு அளித்தார். அப்பிரஸாதத்தின் பலனாகப் பிறந்தவர்களே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும்.

தகப்பனாராக ஆழ்வானைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நமக்கு மிகவும் உகந்தது. திருவாய்மொழியில் ஆழ்வார் ஒருவரையே சிறியராகவும் பெரியராகவும் பாடியது எங்ஙனம் பொருந்தும் என்று சிறுவரான பட்டர் கேட்டார். உபநயனம் ஆகாத பிள்ளைக்கு வேதவாக்கியம் கொண்டு விளக்கலாகாது. ஆகவே, வடிவில் சிறியராய் ஞானத்தில் பெரியரான சிறியாச்சானையும் அருளாளப்பெருமாள் எம்பெருமானாரையும் காட்டி விளக்கினார்.

பிள்ளைகள் விவாஹ வயதை எட்டியதும் ஆண்டாள் கவலையுற்றார். ஈச்வரனுடைய குடும்பத்துக்கு நாம் கவலைப்படலாமோ என்பதே ஆழ்வானின் நினைவு. இதைப் பொறுப்பின்மை என எண்ணுவோர் இருக்கலாம். நாமும் இளமையில் அப்படி எண்ணியதுண்டு. ஆனால் ஆசார்யனின் காஷாயத்தை அணிந்து சோழன் சபைக்குச் சென்றவர் அவர். பின்னர்க் காஞ்சியில் வரம் கேட்கச் சொன்னபோது தம் கண்களைக் கேளாமல், அத்துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கு நற்கதி கேட்டவரும் அவரே. தமக்கென்று எதையுமே கேட்டறியாதவர், மக்களுக்கென்று மட்டும் தனியே என்ன கேட்பார்?

அவர் தமக்கென வேண்டியது ஒன்றே: ஆசார்யனுக்கு முன்னே பரமபதம் சென்று அவரை எதிர்கொள்ளும் பேறு. அரங்கன் இசைந்தான். எம்பெருமானாரிடம் விடைபெற்று, பிள்ளைகளைப் பெரியபெருமாளுக்கும் நாச்சியாருக்கும் அடைக்கலமாக்கினார். பிள்ளைப்பிள்ளையாழ்வான் மடியில் திருமுடியும், அன்று பொன்வட்டில் சுமந்த ஆண்டாள் மடியில் திருவடிகளுமாகச் சாய்ந்து, பரமபதம் எழுந்தருளினார்.