10 மாதம்தான் ஆட்சி... 300 வருஷம் கழிச்சும் தேசிங்கு ராஜாவை மறக்காதது ஏன்?

விருத்தாசலம் பக்கம் யாராவது பைக்கை முறுக்கிக்கிட்டு பறந்தா, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்புன்னு ஒரு கமென்ட் அடிப்பார். 2013-ல் விமல் நடித்த படத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் அந்த தேசிங்கு யாருன்னு கேட்டா, குதிரை ஓட்டுவார், சண்டையில் செத்துப்போனார் என்பதோடு பலருக்குக் கதை முடிஞ்சிடும். இத்தனைக்கும் அவர் விழுந்த இடம் விருத்தாசலத்தில் இருந்து விழுப்புரம் வழியாக சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் செஞ்சி.

வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் இந்தக் கதைக்கு இரண்டு வெர்ஷன் சுற்றுது. ஒன்று, அவர் முதல் சுதந்திரப் போராட்ட வீரர். இன்னொன்று, இது இந்து - முஸ்லிம் சண்டை. இரண்டுமே நடந்ததோடு ஒட்டாது.

யார் இந்த தேசிங்கு?

முதலில் பெயர். நிஜப் பெயர் தேஜ் சிங். தமிழ் நாக்கில் அது தேசிங்கு ஆனது. ஊர், இன்றைய உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேச எல்லையில் இருக்கும் புந்தேல்கண்ட். அதாவது, தமிழ்நாட்டின் பிரபலமான வீரக்கதை ஒன்றின் ஹீரோ தமிழர் இல்லை.

அவர் செஞ்சிக்கு வந்தது அப்பா வழியில். நாயக்கர்கள் ஆண்ட செஞ்சிக் கோட்டையை பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் அது சிவாஜி கைக்குப் போனது. அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயப் படை வந்து முற்றுகை போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதுக்குப் பிறகு கோட்டையைப் பார்த்துக்கொள்ள ஔரங்கசீப் நியமித்த அதிகாரிதான் தேசிங்கின் அப்பா ஸ்வரூப் சிங். பதவியின் பெயர் கில்லேதார், கோட்டைத் தலைவர். செலவுக்குச் சுற்றுவட்டார நிலத்தின் வரி வருமானம். பேப்பரில் பார்த்தால் ராஜா எல்லாம் கிடையாது, டெல்லி போட்ட ஆபீசர்.

ஸ்வரூப் சிங் லேசுப்பட்டவரும் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களோடு 1710-களின் தொடக்கத்தில் மோதினார். கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் வந்துதான் சமாதானம் ஆனது.

சண்டை எதுக்கு வந்தது?

சிம்பிளா சொன்னா, வரிப் பாக்கி. ஸ்வரூப் சிங் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பல வருஷமாகப் பணம் கட்டவில்லை. 70 லட்சம் ரூபாய் பாக்கின்னு ஒரு கணக்கு சொல்வாங்க. 1714-ல் அவர் இறந்துபோக, மகன் ஊரில் இருந்து வந்து கோட்டைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அப்போ அவருக்கு 22 வயசு.

அப்பாவுக்கு பாதுஷா கொடுத்த உத்தரவு இருக்கு, அதனால் கோட்டை எனக்குத்தான் என்பது தேசிங்கு வாதம். ஆனால் ஔரங்கசீப் இறந்து 7 வருஷம் ஆகிடுச்சு. அதுக்குள்ள டெல்லியில் மூணு பேர் சிம்மாசனம் ஏறியாச்சு. புது பாதுஷாகிட்ட உத்தரவைப் புதுப்பிக்காமல் பதவி செல்லாது, பாக்கியையும் எடுத்து வைன்னு நவாப் தரப்பு நின்றது. டெல்லி பலவீனமானதும் ஆற்காடு, ஐதராபாத்ன்னு ஆங்காங்கே இருந்த கவர்னர்கள் தனி ராஜ்யம் கட்ட ஆரம்பித்த நேரம் அது. செஞ்சி மாதிரி ஒரு கோட்டையை, அடங்காத ஓர் இளைஞன் கையில் விட்டுவைக்க நவாபுக்கு மனசு வருமா?

சட்டப்படி பார்த்தால் நவாப் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தேசிங்கு பேரம் பேசியிருக்கலாம், பாக்கியில் கொஞ்சம் கட்டியிருக்கலாம். செய்யவில்லை.

அந்தக் கடைசி நாள்

1714 அக்டோபர் 3. தேசிங்கு பக்கம் சில நூறு குதிரை வீரர்கள். எதிரில் ஆயிரக்கணக்கில் நவாப் படை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையைச் சுற்றிக் கட்டிய கோட்டை, முகலாயப் படையையே வருஷக்கணக்கில் வெளியே நிறுத்திய கோட்டை அவர் கையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் கதை வேற மாதிரி போயிருக்கலாம். ஆனால் அவர் வெளியே வந்து வெட்டவெளியில் மோதினார். அன்றைக்கே உயிர் போனது.

ஹீரோயிசமா, அவசரமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் அவசரம்தான். கதைப்பாடலுக்கே அது தெரியும். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலைக்கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் தேசிங்கு உத்தரவு கேட்டதாகவும், இன்றைக்கு வேண்டாம் என்பதுபோல் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், அவர் அதையும் மீறிப் போனதாகவும் ஐதீகம்.

நண்பன் எங்கே வருகிறான்?

கதையின் உயிர் இங்கேதான் இருக்கு. தேசிங்கின் உயிர் நண்பன் மகபத் கான், ஒரு முஸ்லிம். செய்தி கிடைத்ததும் தன் கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து, நீலவேணி என்ற குதிரையில் ஏறி வந்து, நண்பனுக்காக நவாப் படையோடு சண்டை போட்டுச் செத்தான் என்கிறது பாடல். எதிர்ப்பக்கம் நவாபின் வருவாய் அதிகாரியாக இருந்த தோடர்மல் ஓர் இந்து. மதச் சண்டை ஃபார்வேர்டு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகுது. செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் மகபத் கான் சமாதியையும் குதிரையின் சமாதியையும் இன்றும் காட்டுறாங்க.

தேசிங்கின் உடலை செட்டிக்குளம் கரையில் எரித்தபோது, அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார். எதிரியான சாதத்துல்லா கான், அந்தப் பெண்ணின் நினைவாகப் பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர் உண்டாக்கியதாகச் சொல்வாங்க. இன்று தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன, 2019-ல் தனி மாவட்டமான ராணிப்பேட்டைதான் அது. ஊர்ப் பெயரில் ராணி இருக்கு, அவர் சொந்தப் பெயர் இல்லை.

ஸ்காட்லாந்தில் ஒரு தேசிங்கு

இதே மாதிரி கதை உலகத்தின் இன்னொரு மூலையிலும் உண்டு. 1745-ல் பிரிட்டன் சிம்மாசனம் எங்கள் குடும்பத்துடையதுன்னு வெளிநாட்டில் இருந்து ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட். வயசு 24. மறு வருஷம் ஏப்ரல் 16-ல் கல்லோடன் சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குள் அவர் படை நொறுங்கியது. அவரும் வெளியில் இருந்து வந்தவர்தான், அவரும் தோற்றவர்தான். அவருக்கும் ஊரெல்லாம் பாட்டு இருக்கு. ஒரு வித்தியாசம், சார்லஸ் தப்பித்து ஓடி, குடித்துக் கரைந்து 1788-ல் ரோமில் இறந்தார். தேசிங்கு 22 வயசிலேயே நின்றுவிட்டார்.

தேசிங்கு போன பிறகு செஞ்சி நவாப் கைக்குப் போனது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். அவங்க யாருக்கும் பாட்டு கிடைக்கலை. தேசிங்குக்கு கதைப்பாடல் கிடைத்தது, நாடகம் கிடைத்தது, 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த ராஜா தேசிங்கு படமும் கிடைத்தது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தது மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற 12 கோட்டைத் தொகுப்பில். ஆனால் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் தேசிங்கு ராஜா கோட்டைன்னு சொன்னாலே போதும், வண்டி கிளம்பிடும்.