யார் இன்று வரவில்லை?

டீச்சர் தினமும் வகுப்பில் பெயர் கூப்பிடுவார். வராதவர்களைக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பை வைத்து என்ன செய்யலாம்? லிலியன் வால்ட் என்ற நர்ஸ் என்ன செய்தார் என்று பார்க்கலாம், வாங்க!

லிலியன் 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். 1893-இல் நியூயார்க் நகரத்தில் லோயர் ஈஸ்ட் சைடு என்ற ஏழைகள் வாழ்ந்த பகுதிக்குக் குடிபோனார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தார். அங்கே பலர் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். நிறைய பேருக்கு ஆங்கிலம் தெரியாது.

ஒரு நாள் லிலியன் 12 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தார். அவன் தலையில் புண் இருந்தது. அதனால் ஸ்கூலுக்குப் போகும்போதெல்லாம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிலியன் மருந்து போட்டார். புண் ஆறியது. பையன் ஸ்கூலுக்குப் போனான்!

இவனைப் போல இன்னும் எத்தனை பேர்? நோயால் ஸ்கூலுக்கு வராத பிள்ளைகளைப் பற்றி லிலியன் குறித்துவைக்கத் தொடங்கினார்.

அப்போது டாக்டர்கள் ஸ்கூலுக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள். கண் நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒட்டக் கூடாது இல்லையா? ஆனால் மருந்து போட யாரும் இல்லை. சாயங்காலம் அதே பிள்ளைகள் தெருவில் நண்பர்களோடு விளையாடினார்கள். நோய் அங்கே ஒட்டிக்கொண்டது. படிப்பும் போச்சு, நோயும் போகல!

ஒரே ஒரு மாதம் ஒரு நர்ஸை ஸ்கூலுக்கு அனுப்பிக் காட்டுவதாக லிலியன் நகர அதிகாரிகளிடம் சொன்னார். 1902 அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் வேலையைத் தொடங்கினார். 4 பள்ளிகள், சுமார் 10,000 பிள்ளைகள்! சின்னப் புண் என்றால் லீனா அங்கேயே மருந்து போட்டு, பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவார். வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போவார். எப்படி மருந்து போடுவது என்று அம்மாவுக்குச் செய்து காட்டுவார்.

பலன் தெரிந்ததும் நகரமே மேலும் பல நர்ஸ்களை வேலைக்குச் சேர்த்தது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர்தான்!

லிலியன் 1940-இல் இறந்தார். இன்று பல நாடுகளில் ஸ்கூல் நர்ஸ் இருக்கிறார். உங்கள் ஸ்கூலிலும் இருக்கலாம்.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் வகுப்பில் ஒருவர் நாலு நாளாக வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?