கந்தையும் காந்தியடிகளும்

சாரல் காலத்தில் குற்றாலம் சென்றவர்கள், குளித்தவர்களின் வேஷ்டிகள் பாறைகளின்மேல் உலர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். 1934-ம் வருஷம் ஜனவரி மாதம், ஹரிஜன யாத்திரையில் அவ்வூருக்கு வந்த மகாத்மா காந்தி அருவியில் நனையாமலே திரும்பினார். ஹரிஜனங்களுக்கு அங்கே நீராட இடமில்லை என்பதே காரணம். துணியைத் துவைப்பதும் தைப்பதும் அவர் வாழ்க்கையில் பெற்றிருந்த இடத்தை அறிந்தவர்களுக்கே இதன் பொருள் முழுவதும் விளங்கும்.

தொடக்கத்திலேயே அவர் எளிமையின் உருவமாக இருந்துவிடவில்லை. 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றவர், பாண்டுத் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை உடுப்பொன்று தைத்துக்கொண்டார். பின்னரே காசு காசாகக் கணக்கெழுதும் பழக்கம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் செய்த காலத்தில் சலவைக்காரருக்குக் கொடுக்கும் கூலி அவர் கண்ணை உறுத்தியது. சலவை முறையைப் பற்றி ஒரு புஸ்தகம் வாங்கிப் படித்தார்; மனைவிக்கும் கற்பித்தார். தாமே முதன்முதல் பெட்டி போட்ட கழுத்துப் பட்டையில் கஞ்சி மிதமிஞ்சிவிட்டது. பெட்டியும் சூடு போதவில்லை. கோர்ட்டில் அது உதிர்வதைக் கண்டு சக வக்கீல்கள் சிரித்தனர். அவர் வெட்கப்படவில்லை. பட்டையின் விலையளவுக்குச் சலவைக்கூலி கொடுப்பது என்ன நியாயம் என்பதே அவர் கட்சி.

அந்த வித்தை வீண்போகவில்லை. 1912-ல் கோகலே ஜோகன்னஸ்பர்க் வந்தபோது, விருந்துக்கு அணியவேண்டிய அங்கவஸ்திரம் கசங்கியிருந்தது. அது ரானடே தந்த ஞாபகப் பொருள். வக்கீல் காந்தியை நம்பிய கோகலேக்குச் சலவைக்காரர் காந்தியிடம் நம்பிக்கையில்லை. ஆயினும் வேறு வழியின்றிக் கொடுத்தார், பார்த்தபின் திருப்தியடைந்தார். 1909-ல் பிரிட்டோரியாச் சிறையிலோ, கம்பளிகளைத் தைக்கும் ஊசி வேலை அவருக்கு வாய்த்தது. பாரிஸ்டர் ஒருவருக்கு ஊசியும் நூலும் இழிவல்ல என்பதை அவர் எழுதிக் காட்டவில்லை, செய்து காட்டினார்.

நம் வீடுகளிலும் இச்சிக்கனம் புதிதன்று. கிழிந்த வேஷ்டிக்கு இழையோட்டி, அதுவும் நையும்போது துண்டாக்கி, பிறகு குழந்தைக்கு ஏணை கட்டி, கடைசியில் கரித்துணியாக அடுப்படியில் முடிப்பவர்கள் நம் தாய்மார்கள். ஆனால் கிழிசலைத் தைக்க உட்காரும் நேரத்தில் உடுத்திக்கொள்ள மற்றொரு துணி வேண்டுமல்லவா? 1917-ல் சம்பாரணில் கஸ்தூரி பாய், அழுக்கு உடுத்திய பெண்களிடம் ஏன் துவைத்துக் கட்டவில்லை என்று விசாரித்தார். ஒருத்தி அவரைக் குடிசைக்குள் அழைத்துப் போய், பெட்டியும் இல்லை, பேழையும் இல்லை, உடம்பிலுள்ள சேலை ஒன்றே என்று காட்டினாள். இதைக் கேட்டபின் காந்தியடிகளுக்குச் சிக்கனம் சொந்தக் கணக்கு மட்டுமாக இருக்கவில்லை.

1921-ல் அந்நியத் துணியை விலக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் பிரயாணம் செய்தபோது, கதர் வாங்கப் பணமில்லையே என்று ஏழைகள் முறையிட்டனர். செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், குல்லாயையும் சட்டையையும் விடுத்து முழங்காலளவுத் துணியுடன் வெளிவந்தார். அக்டோபர் முடிவு வரைக்கென்றே முதலில் எண்ணியிருந்தார். அந்தக் கெடு கடந்தும் அவ்வுடை மாறவில்லை.

கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் நம் பழமொழி, தண்ணீர் எல்லோருக்கும் கிடைக்கும் என்ற நினைப்பில் பிறந்தது. மலையிலிருந்து கொட்டும் நீரிலும் பங்கில்லை என்று ஒரு சாராரை விலக்கிவிட்டு, அவர்களுடைய ஆடை அழுக்காயிருக்கிறதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டோம். சலவைத் தொழிலைக் கையால் கற்ற அம்மனிதர், மதுரையில் கட்டிய அதே அளவுத் துணியுடன் பேரருவியண்டை வந்தார். குளிக்காமலே மேற்கொண்டு பிரயாணப்பட்டார்.