அபிநயச் செல்வி பாலசரசுவதி அம்மையார்

மேனாட்டார் பாலே என்று வழங்கும் ஆடற்கலையிலே, காலின் விரைவாலன்றி உள்ளத்தின் உருக்கத்தால் அவையோரைக் கண்கலங்கச் செய்த நங்கையர் சிலர் இருந்தனர். உருசிய நாட்டு அன்னா பாவ்லோவா (1881-1931) அவருள் தலையாயவர். உயிர் பிரியும் அன்னப்பறவையின் இறுதி நொடிகளை அவர் நடித்துக் காட்டியது உலகெங்கும் பேசப்பட்டது. இவ்வாறு ஒருத்தியாகவே மேடையில் நின்று, தாயாகவும் காதலியாகவும் குழந்தையாகவும் மாறி மாறித் தோன்றும் ஆற்றல் படைத்த ஒருவர் நம் தமிழகத்திலும் வாழ்ந்தார். அவரே தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார். அவருடைய சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நம் கல்லூரி மலரில் ஆடல்மகள் ஒருவரின் சரிதம் இடம்பெறுதல் தகுமோ என ஐயுறுவாரும் இருக்கலாம். அவ்வையம் புதியதன்று. இக்காலத்தில் கோடை விழா நாட்களில் நம் ஏற்காட்டிலே சிறுமியர் சலங்கை கட்டிப் பரதம் ஆடுகின்றனர். சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறி வரும் பெற்றோர், தம் மக்களின் ஆடலைக் கண்டு மகிழ்ந்து அதனைப் படமும் பிடித்துக்கொள்ளுகின்றனர். சேர்வராயன் மலையில் மட்டுமன்று, எவ்வூரிலும் இதுவே வழக்கம். ஆயின் நூறாண்டுகளுக்கு முன்பு இக்கலைக்குச் சதிர் என்று பெயர். அதனை ஆடுவோரின் குலத்தையே ஊரார் இழித்துக் கூறினர். 1892-ஆம் ஆண்டளவில் சென்னையிலே தேவதாசியரின் ஆடலுக்கு எதிராக ஓர் இயக்கம் தோன்றியது. 1893-இல் இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், அத்தகைய ஆடல் நிகழும் விருந்துகளுக்குச் செல்லாதிருக்கும்படி இராசப் பிரதிநிதிக்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் செய்துகொண்டனர். கிறிஸ்தவ மிஷனரிமாரும் இவ்வியக்கத்துக்குத் துணை நின்றனர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, பின்னர்ச் செல்வரின் இன்பத்திற்கு ஒப்புவிக்கும் கொடுமையை ஒழிக்க முயன்றது அறமே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் கொடுமையைக் களையப் புகுந்தோர் கலையையும் உடன் களைய முற்பட்டனர் என்பதையும் மறைத்தற்கில்லை.

இத்தகைய காலத்திலே, 1918-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், சென்னையில் பாலசரசுவதி பிறந்தார். தஞ்சை அரசவையில் இசையும் கூத்தும் வளர்த்த குடும்பம் அவருடையது. பாட்டியார் வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் வீணை வாசிக்க, பெரும் வித்துவான்களும் அங்குச் சென்று மூச்சடக்கி அமர்ந்து கேட்பராம். க்ஷேத்திரக்ஞரின் தெலுங்குப் பதங்கள் பல அம்மூதாட்டியாரிடமே அழியாது தங்கியிருந்தன. தாயார் ஜயம்மாள் சிறந்த பாடகி. இசை அவ்வில்லத்தில் குறைவின்றி இருந்தது; நாட்டியத்திற்கோ இடமில்லை. ஊரார் பழிக்கும் ஆட்டத்தை இக்குழந்தைக்கும் கற்பிப்பானேன் என்று உற்றார் தடுத்தனர்.

ஆனால் குழந்தையின் கால்கள் தாமே ஆடின. மயிலாப்பூர்க் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்டது முதல் தானும் ஆடவேண்டும் என்று அச்சிறுமி அடம் பிடித்தாள். ஜயம்மாள் ஊர்ப்பேச்சை ஒருபுறம் தள்ளித் துணிந்தார். இத்துணிவு சிறிதெனக் கொள்ளற்க. அந்நாளில் மகளை நாட்டியத்திற்கு விடுவது, அவள் வாழ்நாள் முழுதும் சுமக்கவேண்டிய இழிபெயரை அறிந்தே அவள் தோளில் ஏற்றுவதாகும்.

ஆசிரியராக அமைந்தவர் கண்டப்ப பிள்ளை. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற நட்டுவனார் வழியில் வந்தவர் இவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஓர் அடவு செவ்வையாக அமையும் வரை அடுத்ததற்குப் போகார். 1925-இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலொன்றில் பாலசரசுவதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னர்க் கௌரி அம்மாளிடமும், சின்னய்யா நாயுடுவிடமும், கூச்சிப்பூடி மரபினரான வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் அபிநயம் பயின்றார்.

1933-இல் சென்னை மியூசிக் அகாடமி இவரை ஆடச் செய்தது. வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் சதிரைக் காக்கப் போராடிய நாட்கள் அவை. மறு ஆண்டில் கல்கத்தாவிலும் ஆடினார். இதற்கிடையே, பாவ்லோவாவின் நட்பால் ஆடற்கலையில் ஈடுபாடு கொண்ட ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். அதன்பின் உயர்குலத்துப் பெண்கள் திரளாகப் பரதம் பயிலலாயினர். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை மிகுத்தலே கலையைத் தூய்மை செய்யும் வழி என்பது ருக்மிணி தேவியார் கருத்து. பாலசரசுவதியோ இதனை ஒப்பவில்லை. சிருங்காரமே பக்தியின் உச்சம், அதில் தூய்மை செய்வதற்கு ஒன்றுமில்லை, அழுக்கு காண்பவர் கண்ணிலேதான் என்பது அவர் கொள்கை. இருவரும் பெருந்தகையரே. எனினும், எக்குலத்தார் இக்கலையைப் பல தலைமுறை காத்துவந்தனரோ அக்குலத்தாரே இதனைக் கெடுத்தவர் என்ற பேச்சு எழுந்தபோது, அம்மையார் மனம் கொதித்ததில் வியப்பென்ன? இவ்வழக்கில் எம் மனம் அவர் பக்கமே சாய்கின்றது.

1940-க்குப் பின் வந்த ஆண்டுகள் துன்பம் மிக்கவை. அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலைக்கூடத்திற்கு ஆசிரியராகச் சென்ற கண்டப்ப பிள்ளை 1941-இல் காலமானார். அம்மையாருக்கு உடல்நலம் குன்றியது. ஆட அழைப்போரும் அருகினர். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்காக நெடுங்காலம் உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் தாயாரும் அதே குலத்தில் பிறந்தவர் என்பது கருதத்தக்கது. ஒரே குலத்துப் பெண்மக்களுள் ஒருவர் அவ்வழக்கத்தை வேரோடு களைந்தார். மற்றொருவர் அதனோடு பின்னிக் கிடந்த கலையைத் தம் உடலில் ஏந்தி நின்றார். கோயிலில் ஆட இயலாத அக்காலத்தில், திருத்தணி முருகன் சந்நிதியில், காண்போர் எவருமின்றி, இறைவன் ஒருவனுக்காகவே அம்மையார் ஆடிவந்தார் என்று சொல்வர்.

கண்டப்பரின் மைந்தர் கணேசன் நட்டுவாங்கம் செய்ய, அம்மையார் மீண்டும் மேடையேறினார். 1953-இல் மியூசிக் அகாடமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1957-இல் பத்ம பூஷண் விருதும் அவரை அடைந்தன.

இனி, அவர் அபிநயத்தின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். ஆடுங்கால் தாமே பாடுவார். ஆகலின் இராகத்தின் வளைவும் முகத்தின் குறிப்பும் ஒன்றையொன்று பிரியா. கண்ணனை வாவென்று அழைக்கும் யமுனாகல்யாணி இராகத்துக் கன்னடப் பாடலே அவர் பெயரோடு ஒட்டிய உருப்படி. அழைப்பது ஒரே சொல்தான். ஆனால் முதன்முறை அது செல்லக் கொஞ்சல், மறுமுறை பொய்க்கோபம், பின்பு கெஞ்சுதல், அதற்குப் பின்பு, பிள்ளை தன் பிள்ளை மட்டுமல்லன் என உணர்ந்த தாயின் திகைப்பு. ஆடை மாற்றமில்லை, திரைச்சீலையில்லை, துணைநடிகர் இல்லை. கண்ணும் புருவமும் ஒரு கையின் அசைவுமே அவருக்குப் போதும். முன்கூட்டி வரையறுத்த குறிப்புகளை ஒப்பித்தலும் அவரிடம் இல்லை. பாடகர் இராகத்தை அப்போதைக்கப்போது விரிப்பதுபோல, அவர் பாவத்தை அவ்விடத்திலேயே விரித்துச் செல்வார்.

1961-இல் டோக்கியோவிலும், 1962-இல் அமெரிக்காவில் டெட் ஷான் நடத்திய ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். மொழியறியாத அவையோரும் உருகினர். அமெரிக்காவில் அவர் கற்பித்த இடங்களுள் வெஸ்லியன் பல்கலைக்கழகம் ஒன்று. அவருடைய தம்பியர் மிருதங்க வித்துவான் ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்துவான் விசுவநாதனும் அங்கேயே நெடுநாள் ஆசிரியராயிருந்தனர். அப்பல்கலைக்கழகம் 1831-இல் மெதடிஸ்து சபையாரால் நிறுவப்பட்டது. ஜான் வெஸ்லியின் பெயர் தாங்கியது. இங்கே மிஷனரிமார் கடிந்த கலைக்கு அங்கே அவர் பெயர் கொண்ட கலாசாலை இருக்கை தந்ததை எண்ணுந்தோறும் எமக்குப் புன்னகை தோன்றுகின்றது.

1973-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டத்தை அவருக்கு அளித்தது. இசைவாணர்க்கே உரிய அப்பட்டத்தை நாட்டியக்காரர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. 1977-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1984 பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் கலையைத் தொடர்ந்து ஆடிய ஒரே மகள் லட்சுமியும் 2001-இல் காலமானார்.

இளமையில் கல்கத்தாவில் அம்மையாரின் ஆடலைக் கண்டு மறவாதிருந்த சத்யஜித் ராய், 1976-இல் அவரைப்பற்றி ஒரு சிறு படம் எடுத்தார். அதில் அம்மையார் கடற்கரை மணலில் நின்று அக்கண்ணன் பாட்டுக்கு அபிநயிக்கின்றார். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது, உடலும் பருத்துவிட்டது, காற்று சேலையை அலைக்கழிக்கின்றது. ஆயினும் அந்த முகத்தை நோக்குமிடத்து, மணலில் தவழ்ந்து வரும் ஒரு சிறு குழந்தை நம் கண்ணுக்கும் புலனாகின்றது.