ஒரு 'ஹ'வால் நழுவிய வாய்ப்பு... ஒரு ஷில்லிங் பந்தயத்தில் கிடைத்த குரல்! யார் இந்த கேத்லீன் ஃபெரியர்?

பாட்டுப் போட்டி நடுவர் என்றதும் நம் நினைவுக்கு வருவது டிவி செட், கலர் லைட், கண்ணீர் க்ளோஸ்-அப். ஆனால், கேமராவே இல்லாத ஒரு சின்ன ஊர் இசைப் போட்டியில் நடுவர்கள் காதைத் தீட்டிக் கேட்டதால் உலகத்துக்குக் கிடைத்த குரல் ஒன்று உண்டு. அது இங்கிலாந்துப் பாடகி கேத்லீன் ஃபெரியரின் குரல்.

அதே குரலை, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வேறொரு தேர்வில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி என்னதான் நடந்தது?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு பியானோ பெண்

1912 ஏப்ரல் 22 அன்று, லங்காஷயரில் உள்ள ஹையர் வால்ட்டன் என்ற கிராமத்தில் பிறந்தார் கேத்லீன். அப்பா அந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர். குடும்பம் சீக்கிரமே பக்கத்தில் இருந்த பிளாக்பர்ன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. குடும்பச் சூழல் காரணமாக 14 வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, தபால் துறையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார்.

வேலை ஒரு பக்கம், பியானோ இன்னொரு பக்கம். 1928-ல் நாளிதழ் ஒன்று நடத்திய தேசிய அளவிலான பியானோ போட்டியில் தன் மண்டலத்தில் ஜெயித்து, ஒரு பியானோவையே பரிசாக வாங்கினார். லண்டன் சுற்றில் மட்டும் ஜெயிக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் பியானோ வாசிக்கிற பெண். அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நிராகரித்த 'ஹ'

1935-ல் பிரிட்டன் தபால் துறை ஒரு புது சேவைக்குத் தயாரானது. போன் செய்தால் சரியான நேரம் சொல்லும் 'பேசும் கடிகாரம்'. அதற்குக் குரல் கொடுக்க, டெலிபோன் பெண் ஊழியர்களுக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். கேத்லீனும் கலந்துகொண்டார்.

படபடப்பில் ஒரு இடத்தில் தேவையில்லாத 'ஹ' ஒலி வந்து விழுந்துவிட்டது. அன்றைய இங்கிலாந்தில் 'ஹ' சும்மா ஒரு எழுத்து இல்லை. எங்கே அது வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதை வைத்தே ஒருவர் எந்த வர்க்கம், எவ்வளவு படித்தவர் என்று எடைபோடுவார்கள். லண்டன் இறுதிச் சுற்றுக்கு அவர் தேர்வாகவில்லை. ஜெயித்தவர் எத்தல் கெய்ன். 1936-ல் இருந்து பிரிட்டனுக்கு நேரம் சொன்னது அவர் குரல்தான்.

நேரம் சொல்ல சுத்தமான உச்சரிப்பு வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அங்கே கேட்டது உச்சரிப்பை மட்டும். அதற்குப் பின்னால் இருந்த குரலை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு ஷில்லிங் பந்தயம்

அதே 1935-ல் வங்கி ஊழியரான ஆல்பர்ட் வில்சனைத் திருமணம் செய்தார். கல்யாணமான பெண்கள் டெலிபோன் வேலையில் தொடர முடியாது என்பது அன்றைய விதி. வேலை போனது. கணவர் வேலை நிமித்தமாக, கொஞ்ச நாளில் சில்லத் என்ற கடலோர ஊருக்குப் போனார்கள்.

1937-ல் பக்கத்து நகரமான கார்லைலில் இசை விழா. பியானோ போட்டிக்குப் பெயர் கொடுத்தார் கேத்லீன். பாட்டுப் போட்டியிலும் சேர உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். ஒரு ஷில்லிங் என்றால் பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. கேத்லீனும் விடவில்லை. பியானோவில் முதல் பரிசு, பாட்டிலும் முதல் பரிசு. இரட்டை வெற்றிக்காக விழாவின் சாம்பியன் என்று தனியாக ஒரு வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தது.

அந்த நடுவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த மாதிரி ஊர் விழாக்களின் கதை 1885-ல், மேரி வேக்ஃபீல்டு என்ற பாடகி கெண்டல் பகுதியில் தொடங்கிய போட்டியில் இருந்து வளர்ந்தது. பல ஊர்களில் இசையோடு பேச்சு, நாடகப் பிரிவுகளும் சேர்ந்துகொண்டன.

நடுவர் பெரும்பாலும் வெளியூர் இசைக் கலைஞர். அரங்கின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே பாட்டைப் பத்து, இருபது பேர் பாடினாலும் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத வேண்டும். கடைசியில் மேடை ஏறி, யார் எதில் சறுக்கினார், யார் ஏன் ஜெயித்தார் என்று எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். மார்க் போட்டுவிட்டுக் கிளம்பிவிட முடியாது. தோற்றவருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பாடம் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

கேத்லீன் வாழ்க்கையில் இது நேரடியாகவே நடந்தது. 1937 கார்லைல் நடுவர்களில் ஒருவரான மாரிஸ் ஜேக்கப்சன், பின்னாளில் அவர் கச்சேரிகளுக்குப் பியானோ வாசித்தார். 1939 விழாவில் அவரைக் கேட்ட நடுவர் ஜே.இ. ஹட்சின்சன், அவருடைய குருவாகவே ஆனார். பாக், ஹேண்டல், பிராம்ஸ் என்று பெரிய இசையமைப்பாளர்களை அவருக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் இவர். முறையான பாட்டுப் பயிற்சி தொடங்கும்போது கேத்லீனுக்கு வயது 27.

தொழிற்சாலையில் இருந்து உலக மேடைக்கு

1940-ல் ஆல்பர்ட் ராணுவத்துக்குப் போக, கேத்லீன் தன் பழைய குடும்பப் பெயரான ஃபெரியர் என்ற பெயரிலேயே மேடை ஏறினார். (அந்தத் திருமணம் 1947-ல் சட்டப்படி ரத்தானது.) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு ஆதரவுடன் நடந்த கச்சேரிகளில் தொழிற்சாலை, கிராமம் என்று ஊர் ஊராகப் பாடினார். 1942-ல் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் மால்கம் சார்ஜென்ட் அவர் பாடுவதைக் கேட்டு, லண்டனின் முக்கிய கச்சேரி ஏஜென்சிக்குப் பரிந்துரைத்தார். ஃபெரியர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

அவருடையது கான்ட்ரால்டோ. பெண் குரல்களிலேயே மிகக் கீழே இறங்கும், அடர்த்தியான வகை. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1946-ல் தன் ஓபராவில் அவருக்கு முக்கிய வேடம் கொடுத்தார். 1947 எடின்பரோ விழாவில் புரூனோ வால்ட்டர் நடத்திய மாலர் கச்சேரியின் முடிவில், துக்கம் தொண்டையை அடைத்துக் கடைசிச் சொல்லை அவரால் பாட முடியவில்லை. இதே படைப்பை 1952-ல் வியன்னாவில் இருவரும் ரெக்கார்டிங் செய்தார்கள். அது இன்றும் கேட்கப்படுகிறது.

எலும்பு முறிந்தும் நிற்காத பாட்டு

1951-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து மறுபடியும் மேடைக்கு வந்தார். 1953 பிப்ரவரி 6, லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் 'ஆர்ஃபியஸ்' ஓபராவின் இரண்டாவது காட்சி. புற்றுநோய் அரித்திருந்த தொடை எலும்பு, நடித்துக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. சக கலைஞர்கள் சமாளிக்க, நின்ற இடத்தில் இருந்தே முழுவதும் பாடி முடித்தார். பார்வையாளர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியவில்லை. அரங்கில் இருந்து நேராக மருத்துவமனை. அதுதான் அவரது கடைசி மேடை. 1953 அக்டோபர் 8 அன்று இறந்தபோது வயது 41. முழுநேரப் பாடகியாக அவருக்குக் கிடைத்தது சுமார் 12 ஆண்டுகள்தான்.

இப்போது அவர் பெயரில் போட்டி

நண்பர்கள் அவரைப் பற்றி எழுதிய நினைவு நூலின் வருமானத்தை முதலாகக் கொண்டு, 1956-ல் இளம் பாடகர்களுக்கான கேத்லீன் ஃபெரியர் விருது தொடங்கியது. 1988-ல் இதை வாங்கிய பிரின் டெர்ஃபல், பிறகு உலகப் புகழ்பெற்ற ஓபரா பாடகர் ஆனார். ஒரு 'ஹ' ஒலிக்காக வெளியே அனுப்பப்பட்டவர் பெயரில் நடக்கும் போட்டியில், மேசை போட்டு உட்கார்ந்து இளைஞர்களைக் கேட்கும் வேலை இன்றும் நடுவர்களுக்குத்தான்.