மூச்சின் ஒலி கேட்ட வைத்தியர்

நோயாளியின் நெஞ்சினுள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை அவர் உயிரோடிருக்கும்போதே அறிவது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வைத்தியர்களுக்கு மிகக் கடினமாயிருந்தது. நெஞ்சை விரலால் தட்டிப் பார்ப்பர். சிலர் நெஞ்சின்மீது காதை வைத்துக் கேட்பர். இந்நிலையை மாற்றியவர் பிரான்ஸ் நாட்டவரான ரெனே லெனெக்.

இவர் 1781 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் திகதி கெம்பேர் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்த இவருக்கு, நாந்து நகரில் வைத்தியராயிருந்த தந்தையின் சகோதரர் ஆதரவளித்தார். 1801 இல் பாரிஸ் சென்று மருத்துவம் கற்றார்.

1816 ஆம் ஆண்டு, இதயநோயின் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் இவரிடம் வந்தாள். அவளது உடல் பருமனாயிருந்ததால் தட்டிப் பார்ப்பது பயன்தரவில்லை. ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைப்பதோ முறையாகத் தோன்றவில்லை. அப்போது, மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் அவ்வொலி மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. உடனே கடதாசித் தாள்களை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத்துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது இவ்வாறுதான்.

பின்னர் மரத்தால் குழாய் செய்து, நோயாளிகளின் மூச்சொலிகளைப் பொறுமையோடு கேட்டுக் குறித்துவந்தார். இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்து, எந்த ஒலி எந்த நோய்க்குரியது என ஒப்புநோக்கினார். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிவடையும் நோய், எம்பிசீமா முதலிய நாட்பட்ட நுரையீரல் நோய்களை இவ்வாறே விளக்கினார். 1819 இல் இவரது ஆய்வு இரண்டு பாகங்களாக நூலுருப்பெற்றது.

ஆனால், அவர் ஆராய்ந்த காசநோய் அவரையே பற்றிக்கொண்டது. உறவினரான இளம் வைத்தியர் மெரியாதெக், அதே கருவியால் அவரது நெஞ்சைப் பரிசோதித்தார். கேட்ட ஒலிகளின் பொருளை லெனெக் நன்கறிவார். 1826 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆம் திகதி, தமது 45 ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்று மூச்சை ஊதச்செய்து நுரையீரலின் ஆற்றலை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் ஸ்டெதஸ்கோப் வைத்தியர்களின் கழுத்தைவிட்டு நீங்கவில்லை. ஒரு பெண்ணின் நாணத்தை மதித்த வைத்தியர், அதனைச் சிகிச்சைக்குத் தடையாகக் கருதாமல் வேறுவழி தேடினார். அத்தேடலின் பயனை இன்றுவரை உலகோர் அனைவரும் அனுபவிக்கின்றனர்.