உழைப்பாளரை வடித்த ஆசிரியர்: தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் இன்று நம்முன் நிற்கும் கேள்வியும்

மெரினா கடற்கரையில் நான்கு தொழிலாளர்கள் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்த முனைந்து நிற்கும் சிலையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. மே நாள்தோறும் தொழிற்சங்கங்கள் அங்கே கூடுகின்றன. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து வாழ்ந்த ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு அது தம் பாட்டன்மாரின் உருவம் போலவே தோன்றும். ஆயினும் அச்சிலையை வடித்தவரின் பெயர் பலருக்கு நினைவில் இல்லை. அவர் சிற்பி மட்டுமல்லர். சென்னை ஓவியப் பள்ளியை 28 ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் என்பதும், தென்னிந்தியாவின் ஓவிய ஆசிரியர்களில் ஒரு தலைமுறையே அவரிடமிருந்து உருவானது என்பதும் அதைவிடக் குறைவாகவே பேசப்படுகின்றன. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாழ்வை அந்த ஆசிரியப் பணியின் வழியாக நாம் இங்கே பார்க்க விழைகிறோம். கலை கற்றவர் கலை கற்பிப்பவராக மாறும் வழி யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பது நம் காலத்துக் கேள்வியும் ஆகும்.

ராய் சௌத்ரி 1899-இல், இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் வட்டாரத்தில், ஜமீன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், வங்க மொழியில் கதை எழுதுதல் எனப் பல துறைகளில் ஈடுபாடு கொண்டவர். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் கற்றார். பட்டங்களும் சான்றிதழ்களும் அல்ல, குருவின் பட்டறையில் கழித்த ஆண்டுகளும் கையால் செய்த வேலையுமே அவருடைய தகுதிகளாக இருந்தன.

அவர் சென்னைக்கு வந்து சேர்ந்த வழியைப் புரிந்துகொள்ள, அவர் பொறுப்பேற்ற பள்ளியின் வரலாற்றை அறிய வேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் பாப்பம்ஸ் பிராட்வேயில் அப்பள்ளியைத் தொடங்கினார். இன்று பிரகாசம் சாலை எனப்படும் அத்தெரு ராயபுரத்திற்கு அண்டையில் உள்ளது. வடசென்னையின் வாயிலில் பிறந்த அப்பள்ளி பின்னர் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெயர்ந்து அரசுப் பள்ளியாயிற்று. கல்கத்தா, பம்பாய், லாகூர் ஆகிய நகரங்களின் அரசு ஓவியப் பள்ளிகள் எல்லாம் இதற்குப் பின் வந்தவை. காலனிய அரசின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதாக இல்லை. மண்பாண்டம், உலோகம், மரம், நெசவு ஆகியவற்றில் கைத்திறன் உடையோரைப் பயிற்றிச் சந்தைக்கு ஏற்ற பொருள்களைச் செய்விப்பதே அதன் கணக்கு. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையைத் தொடங்கியது இப்பள்ளியில்தான். நம் வீடுகளுக்கு அலுமினியக் குண்டான் வந்த வழியில் ஓர் ஓவியப் பள்ளி இருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

1884-இல் இப்பள்ளிக்கு வந்த ஈ. பி. ஹேவல் பின்னர் கல்கத்தா ஓவியப் பள்ளிக்குச் சென்றார். அங்கே 1905-இல் அவனீந்திரநாத் அவருக்குத் துணைமுதல்வரானார். மேலைநாட்டுச் சிற்பப் படிகளைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த முறைக்கு மாற்றாக, இந்திய ஓவிய மரபை வகுப்பறைக்குள் கொண்டுவர இருவரும் முயன்றனர். அவனீந்திரநாத்தின் மாணவர்கள் நாடெங்கும் ஆசிரியர்களாகப் பரவினர். நந்தலால் போஸ் சாந்திநிகேதனுக்கும், சமரேந்திரநாத் குப்தா லாகூருக்கும், அசித் குமார் ஹால்தார் லக்னோவுக்கும் சென்றனர். சென்னைக்கு வந்தவர் ராய் சௌத்ரி. ஒரு கலைப்பள்ளியின் செல்வாக்கு ஓவியங்களால் மட்டுமல்ல, ஆசிரியப் பணியிடங்களாலும் நிலைபெறுகிறது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இவ்வலைப்பின்னலுக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் நாம் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

1929-இல் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். எட்டுப் பத்தாண்டுகளாக ஐரோப்பியரே வகித்த அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அவர் செய்த மாற்றம் பெரிது. தொழிற்பயிற்சியே முதன்மையாக இருந்த பள்ளியில் ஓவியத்தையும் சிற்பத்தையும் நடுவிடத்திற்குக் கொண்டுவந்தார். தம் குருவின் நடையை மாணவர் மீது சுமத்தவில்லை. எதிரே இருக்கும் மனித உடலை, அதன் எலும்பையும் தசையையும் எடையையும், நேரில் பார்த்து வரையவும் களிமண்ணில் வனையவும் பயிற்றினார். கல்லூரி வளாகத்திலேயே தம் சிற்பக்கூடத்தை நடத்தினார். கம்பிச் சட்டம் கட்டுவது முதல் களிமண் ஏற்றுவது, சுண்ணச்சாந்து அச்சு எடுப்பது, வார்ப்புக்கு அனுப்புவது வரை ஆசிரியர் வேலை செய்வதை மாணவர் அருகிருந்து கண்டனர். கற்பித்தல் என்பது வாயால் சொல்வதன்று, செய்து காட்டுவது என்பதே அக்கூடத்தின் பாடம்.

இங்கே பயின்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதே அவருடைய ஆசிரிய வாழ்வின் அளவுகோல். தந்தியலுவலக ஊழியராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் வேலையை விட்டுவிட்டு 1936-இல் இங்கே மாணவராகச் சேர்ந்தார், பின்னர் ஆசிரியரானார், 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது முதல்வரானார். மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால் இங்கே ஓவியம் பயின்று, சிற்ப ஆசிரியராகி, 1972 முதல் 1977 வரை முதல்வராக இருந்தார். பெரியாரின் உருவத்தைச் சிற்பமாக்கிய கை அவருடையது. ஜே. சுல்தான் அலி ரிஷிவேலி பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியபின் பழங்குடிக் கலையிலிருந்து தம் மொழியைக் கண்டெடுத்தார். வங்கத்திலிருந்து வந்து பயின்ற பரிதோஷ் சென் இந்தூரில் பள்ளி ஆசிரியரானார். பிரதோஷ் தாஸ்குப்தா 1943-இல் கல்கத்தா குழுவை நிறுவியவர்களுள் ஒருவராகி, பின்னாளில் தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொறுப்பாளராகவும் இருந்தார். இவர்களுள் எவரும் ஆசிரியரின் நடையை அப்படியே பின்பற்றவில்லை. பணிக்கர் அவருடைய இயல்புநவிற்சியிலிருந்து வெகுதொலைவு விலகிச் சென்றார். ஓவியர்கள் கைவினைப் பொருள் விற்று நிலம் வாங்கிய சோழமண்டலத்தை 1966-இல் உருவாக்கினார்.

ராய் சௌத்ரியின் சிற்பங்களுக்கு வருவோம். 1952-இல் அவர் வடித்த பசிக் கொடுமைச் சிற்பம், 1943 வங்கப் பஞ்சத்தின் நினைவை இன்றும் சுமந்து நிற்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் பாட்னாவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்கு அவர் அமைத்த நினைவுச் சின்னம் 1956-இல் திறக்கப்பட்டது. 1954-இல் லலித் கலா அகாதெமி நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. 1958-இல் பத்மபூஷண் பெற்றார். 1959 ஜனவரி 25 அன்று உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் வடித்த காந்தி சிலையும் மெரினாவில் நிறுவப்பட்டது. 1975-இல் அவர் மறைந்தார்.

திருவாங்கூர் மன்னரின் 1936 ஆலய நுழைவுப் பிரகடனத்தையும் அவர் சிற்பமாக்கினார். அந்தப் பிரகடனம் மன்னரின் கருணையால் மட்டும் வந்ததன்று. 1893-இல் தடையை மீறிப் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிய அய்யன்காளி முதல் பலர் நடத்திய போராட்டங்கள் அதன் பின்னே உள்ளன. மன்னரின் ஆணைக்கு உடனே வெண்கலம் கிடைத்தது; அய்யன்காளிக்குத் திருவனந்தபுரத்தில் சிலை எழுந்தது 1980-இல்தான். சிற்பியின் திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எதைச் சிற்பமாக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

உழைப்பாளர் சிலையிலும் இக்கேள்வி உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய கடற்கரையில் அது நிற்பது பொருத்தமே. நான்கு உடல்கள் ஒரே விசையில் இயங்குகின்றன. அவர்களிடையே வேற்றுமை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பு, 1921-இல், பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுபட்டனர். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. உழைப்பு ஒன்றாக இருந்தும் உழைப்பாளர் ஒன்றாக இருக்கவில்லை என்பது வடசென்னையின் அனுபவம். சிற்பி காட்டியது நடந்ததை அன்று, நடக்க வேண்டியதை. அந்த வகையில் அச்சிலை நமக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அச்சிலைக்குக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒரே வளாகத்தில் ஒருவர் மாதிரியாக நிற்க, ஒருவர் வனையக் கற்க, ஒருவர் கற்பிக்கிறார். உழைக்கும் மக்களின் உடல் கலைக்கல்விக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. அம்மக்களின் பிள்ளைகள் மாதிரியின் மேடையிலிருந்து மாணவரின் இருக்கைக்கும், அங்கிருந்து ஆசிரியரின் இடத்திற்கும் வருவதே சமூகநீதி. ராய் சௌத்ரி கைத்தொழிலைப் பின்னே தள்ளிக் கவின்கலையை முன்னே வைத்தபோது ஓவியனின் மதிப்பு உயர்ந்தது. குயவரும் கொல்லரும் தச்சரும் தம் கைத்திறனோடு நுழைந்த பள்ளியில், அத்திறன் இரண்டாம் நிலைக்கு இறங்கியதும் அம்மாற்றத்தின் மறுபக்கமே.

இன்றைய வழியைப் பார்ப்போம். பள்ளி ஓவிய ஆசிரியராக விரும்புவோர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் நிலைகளை முடித்துத் தொழிலாசிரியர் பயிற்சி பெறுவது நெடுநாளைய வழக்கம். கல்லூரி ஆசிரியராவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் நெட் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்க்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆய்வுக்கு 2013-இல் தோன்றிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் உள்ளது. காகிதத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதன் முதற்படி நம் பகுதிப் பள்ளிகளில்தான் தொடங்குகிறது. அப்படியே அங்கு ஆட்டம் காண்கிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நூறு மாணவர்க்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கல்வி ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஆனால் பகுதிநேரமாக என்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காக 16,549 பேர் பகுதிநேரப் பயிற்றுநர்களாக நியமிக்கப்பட்டனர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாம் அறிவோம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தனி வகுப்பில் சேர்ந்து கவின்கலைக் கல்லூரியின் வரைதிறன் தேர்வுக்கு ஆயத்தமாகலாம். எண்ணூரின் சாம்பலுக்கும் திருவொற்றியூரின் லாரி நெரிசலுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்குப் பள்ளியின் ஓவிய வகுப்பே ஒரே வாயில். அந்த வாயிலில் நிற்கும் ஆசிரியரையே அரைச் சம்பளத்தில் வைத்துவிட்டு, பட்டியலினத்தவர் ஏன் கலை ஆய்வுக்கு வருவதில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

வடசென்னையில் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டில் படகுகளுக்கு வண்ணம் தீட்டிப் பெயர் எழுதுவோர், ஃபிளெக்ஸ் வந்தபின் வேலையிழந்த பேனர் ஓவியர்கள், அம்பேத்கரின் உருவத்தைத் தெருச்சுவர்களில் வரைந்து வந்தோர் என ஒரு நீண்ட மரபு இங்கே உள்ளது. சிறந்த தொழிற்சாதனை உடைய கலைஞரை நெட் தேர்வு இன்றியும் உதவிப் பேராசிரியராக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் இடமுண்டு. அவ்விதி இவர்களுக்காகவும் பயன்பட வேண்டும். இவர்களின் தொழில்முறையும் வண்ணங்களும் எழுத்துருக்களும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக வேண்டும். அவ்வாய்வை இப்பகுதியின் மாணவர்களே செய்ய வேண்டும். குருவிடம் கற்ற கைத்திறனை மட்டுமே தகுதியாகக் கொண்டு வந்த ஒருவரை 1929-இல் இந்நகரம் ஒரு கல்லூரியின் தலைமையில் அமர்த்தியது. ஜமீன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த நம்பிக்கை துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்ய, பள்ளி ஓவிய ஆசிரியர்களின் நிரந்தரப் பணியிலிருந்து நாம் தொடங்க வேண்டும்.